தலையால் அடைத்த வாசல்

மாலை ஆறுக்குக் கம்பியை இறக்கினால்
காலை ஆறுக்குத்தான் தூக்குவேன்.
இடையில் யானைக்கும் சாரலுக்கும் மட்டும் வழி.
மளுக்கப்பாறை சோதனைச்சாவடி.
தினக்கூலி. பெயர் அற்புதராஜ்.

வெடிப்பலாவின் உச்சியில் கயிறு கட்டி
மூன்று வாரமாய்த் தொங்கிக்கொண்டிருந்தாள் ஷைனி.
சாலக்குடிக்காரி. எறும்புக்காக வந்தவள்.
எறும்பு தரையிலேயே இருக்கிறதே என்றேன்.
"இது இறங்காது சேட்டா.
பிறந்து சாகிற வரை மண் மிதிக்காது."
எனக்கு எங்கள் எஸ்டேட் மேனேஜர் நினைவு வந்தது.

ஒன்றைப் பிடித்து, பிட்டத்தில்
வெள்ளை நகப்பாலிஷ் புள்ளி வைத்து,
மேலிருந்து விட்டாள்.
கீழே நான், கையில் அவள் தொலைநோக்கி.
புள்ளி விழுந்தது. சரி, போயிற்று என்று நினைத்தேன்.
போகவில்லை.
பாதிக் காற்றில் கால்களை விரித்துத் திரும்பி,
பின்புறம் முன்னால் வர,
அதே மரத்தின் தண்டில் போய் ஒட்டிக்கொண்டது.
ஏறத் தொடங்கியது,
கடைக்குப் போய் வந்ததுபோல.

தமிழில் இதன் பேர் என்ன என்று கேட்டாள்.
தெரியவில்லை.
கயிறு பிடித்திருந்த மயிலனைக் கேட்டோம்.
கொடிக்கும் கல்லுக்கும்கூடப் பேர் தெரிந்தவன்.
"கடிச்சாத்தானே பேரு" என்றான்.
"இது கடிக்காது. தேனும் தராது."

ஆனி பிறந்து மூன்றாம் நாள் காற்றில்
காய்ந்த சுள்ளி ஒன்று ஒடிந்து
ஜன்னல் வழியே பதிவேட்டின்மேல் விழுந்தது.
பென்சில் தடிமன். அதில் ஒரு துளை.
துளையில் ஒரு முகம்.

முகம் என்றா சொன்னேன்? கதவு.
கறுப்பு, தட்டை, சொரசொரப்பு,
துளைக்கு அளவெடுத்து அடித்த மூடி.
வெளியே சிதறியவை ஒவ்வொன்றாய் வந்து
உணர்கொம்பால் தட்டின.
கதவு பின்வாங்கும். வந்தது நுழையும்.
கதவு மறுபடி கதவாகும்.
என் சர்க்கரை டப்பாவுக்கு வருகிற சிவப்பெறும்பும்
வந்து தட்டிப் பார்த்தது.
அசையவில்லை.
டார்ச்சைச் சாய்த்து வைத்து
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்,
என் வேலையை யாரோ
பேனா இல்லாமல் செய்வதை.

இரண்டு மணி இருக்கும். ஒரு ஜீப்.
ஆம்புலன்ஸ் என்றால் சட்டத்தில் இடம் உண்டு.
பின்சீட்டில் ஒருத்தி
சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள்.
அம்மாவோ மாமியாரோ, பக்கத்தில்,
வெந்நீர் பிளாஸ்க்கைக் குழந்தைபோல் அணைத்தபடி.
டிரைவர் ஆரன் அடிக்கவில்லை.
இறங்கி வந்து
கம்பியை விரல் முட்டியால் தட்டினான்,
இரண்டு தட்டு, மெதுவாக.

வண்டி எண், பெயர், எங்கிருந்து, எங்கே, காரணம்:
ஐந்து கட்டம் இருக்கிறது என் தாளில்.
பெயர் கேட்க வாயெடுத்தேன்.
கேட்கவில்லை.
கம்பியின் எடை ஏறியது, நான் தள்ளி நின்றேன்.
பின்விளக்கு இரண்டு வளைவு வரை சிவந்தது,
அப்புறம் மூடுபனி.

"ராத்திரி ஒண்ணும் போகலையே?"
காலையில் வந்த அதிகாரி தாளைப் புரட்டினார்.
"இல்லை சார்."
ஈரத்தில் ஒட்டிய இரண்டு பக்கங்களை
எச்சில் தொட்டுப் பிரித்தார், மூடினார்.
அது ஆணா பெண்ணா,
பிழைத்ததா, வழியிலேயே பிறந்ததா,
யாரும் வந்து சொல்லவில்லை.
சொல்லவேண்டிய கடமையும் இல்லை.

சுள்ளியை மயிலன் பல்லில் கவ்விக்கொண்டு ஏறினான்.
உள்ளே ராணி இருக்கும், ஆட்டாதே என்று
கீழிருந்து கத்தினாள் ஷைனி.
வாழைநாரால் கட்டிவிட்டு இறங்கினான்.

பத்து மணிக்குப் பார்த்தால்
பதிவேட்டின் விளிம்பில் ஒன்று மிச்சம்.
கோடு கோடாய் நடந்தது.
நூல் கோத்த ஓட்டையில் தலையை விட்டு எடுத்தது.
என் கட்டைவிரலுக்கு வந்து
நகத்தில் தட்டியது.

நகம் திறக்காது என்று அதற்கு எப்படிச் சொல்வது?
சாலையைக் கடந்து போய்
விரலை வெடிப்பலாவில் வைத்தேன்.
இன்னொரு முறை தட்டிவிட்டுத்தான் போனது.